டோரன்ட்னாலே திருட்டா?

போன மாசம் லேப் வேலைக்காக மங்கலத்துல எங்க வீட்ல உட்கார்ந்து உபுண்டுவை டோரன்ட்ல இறக்கினேன். யூடியூப் பறக்குது, டோரன்ட் மட்டும் நகரவே இல்ல. விபிஎன் போட்டதும் அதே ஃபைல் கடகடன்னு இறங்குச்சு. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணினா, "படம் இறக்குறீங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. உபுண்டு இலவச மென்பொருள். அதை டோரன்ட்ல தர்றதே அந்த நிறுவனம்தான்!

இந்தச் சந்தேகப் பார்வை பழசு. 2007-ல் அமெரிக்காவின் காம்காஸ்ட், பிட்டோரன்ட் இணைப்புகளுக்கு நடுவே போலி ரீசெட் பாக்கெட் அனுப்பித் துண்டித்தது. ரெண்டு பேர் போன்ல பேசும்போது மூணாவது ஆள் நம்ம குரல்லயே "சரி, வெச்சிடறேன்"னு சொல்ற மாதிரி. அசோசியேட்டட் பிரஸ் சோதனைக்குப் பகிர்ந்தது சினிமா இல்ல, பைபிள். அதுவும் தடைபட்டது.

நம்ம ஊர்க் கதையும் இருக்கு. 2012-ல் '3' படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றம் தந்த தடை உத்தரவைக் காட்டி, சில நிறுவனங்கள் டோரன்ட் தளங்களோட விமியோவையும் சேர்த்து மொத்தமா மூடின. ஜூன் மாசம் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது: திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுங்க, முழுத் தளத்தையும் இல்ல. மங்கலம் ரோட்டுல ஒரு வண்டியில திருட்டு பனியன் போச்சுன்னா, அந்த வண்டியைப் பிடிக்கணும். ரோட்டையே மூடுவாங்களா?

நிறுவனத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. டோரன்ட் ஒரே நேரத்துல பல இணைப்பு திறக்கும், அப்லோடையும் நிரப்பும். சாயங்காலம் தெருவே ஆன்லைன்ல இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு வேகம் குறையலாம். சரி, நெரிசல் நேரத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைங்க. அதை பிளான்லயே எழுதிச் சொல்லுங்க. "இது டோரன்ட்"னு முத்திரை குத்தி நெரிக்காதீங்க. இது என் ஆசை மட்டுமில்ல. டிராய் 2017 நவம்பர்ல தந்த பரிந்துரையை மத்திய அரசு 2018-ல் ஏத்துக்கிச்சு. உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுக்கவோ வேகம் குறைக்கவோ கூடாது. நியாயமான டிராஃபிக் மேனேஜ்மென்ட்டுக்கு விலக்கு உண்டு, ஆனா அதுவும் வெளிப்படையா, தேவையான அளவுக்கு மட்டும்தான்.

நாமளும் சுத்தம் இல்ல. ஹாஸ்டல்ல புதுப் படம் இறக்கினவங்களாலதான் கஸ்டமர் கேருக்கு அந்தக் கேள்வி வந்துச்சு. அதை நிறுத்துங்க.

என்னோட ஒரு நாள் சோதனை ஆதாரம் ஆகாது. காரணம் வேறயாவும் இருக்கலாம். நாம எஞ்சினியரிங் படிக்கிறவங்கதானே? ஒரே லினக்ஸ் ஃபைலை காலை, இரவு, விபிஎன்னோட, இல்லாம ஒரு வாரம் இறக்கிப் பாருங்க. வேகத்தைக் குறிச்சு வெச்சு, எழுத்துல புகார் கொடுங்க. பதிலும் எழுத்துலயே கேளுங்க.