காந்தம் பட்டால் கருவி என்ன செய்யும்?

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 மே 13 அன்று வெளியிட்ட அறிவிப்பு, வலிய காந்தம் பொருத்திய கைப்பேசிகளையும் ஸ்மார்ட் வாட்சுகளையும் பேஸ்மேக்கரிலிருந்தும் ஐ.சி.டி. எனப்படும் உள்பொருத்து டிஃபிபிரிலேட்டரிலிருந்தும் ஆறு அங்குலம், அதாவது ஏறத்தாழ 15 செ.மீ., தள்ளி வைக்கச் சொல்கிறது. ஐஃபோன் 12-ஐ மார்பருகே கொண்டுசென்றதும் ஐ.சி.டி.யின் சிகிச்சை இடைநின்றதை டெட்ராய்ட் மருத்துவர்கள் சனவரியில் பதிவு செய்த பிறகு, ஆபத்து குறைவு என்ற குறிப்போடுதான் எனினும், இப்படியோர் எச்சரிக்கை வந்தே ஆக வேண்டியிருந்தது.

பழைய கைப்பேசிகளின் ரேடியோ அலை உணர்சுற்றில் இரைச்சலாகப் புகுந்து, இதயத்துடிப்பெனத் தவறாக எண்ணப்பட்டது. வடிகட்டிகளும் இருமுனை லீடுகளும் அதைப் பெரும்பாலும் அடக்கிவிட்டன. இப்போதைய சிக்கல் நிலைக்காந்தப் புலம். அது சுமார் 10 காஸைத் தாண்டியதும் காந்த உணரி இயங்கி, பேஸ்மேக்கரை இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பாராமல் நிலையான வேகத்தில் தூண்டும் முறைக்கு மாற்றுகிறது, ஐ.சி.டி.யிலோ தூண்டல் மாறாதிருக்க, மிகைத்துடிப்பைக் கண்டு அதிர்ச்சி கொடுக்கும் பணி மட்டும் நிற்கிறது. இது பழுதன்று, அறுவை அரங்கின் தேவைக்காகத் திட்டமிட்டு வைத்த வாசலில் சட்டைப்பைக் கைப்பேசி நுழைந்துவிடுகிறது, அவ்வளவே.

அந்த வாசல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதுதான் இவ்விதழின் நெடுநாள் கவலை. மின்கலம் நல்ல நிலையில் இருக்கையில் மெட்ட்ரானிக் பேஸ்மேக்கர் காந்தத்துக்கு நிமிடத்துக்கு 85 என்றும் பாஸ்டன் சயின்டிஃபிக் 100 என்றும் துடிக்கின்றன, ஐ.சி.டி.களில் முன்னது சிறிது நேரம் ஒரே சீராக ஒலிக்க, பின்னது ஒவ்வொரு ஆர் அலைக்கும் ஒலிக்க, அபாட் கருவி ஓசையே எழுப்புவதில்லை, பயோட்ரானிக் கருவியோ எட்டு மணி நேரம் கழிந்தால் காந்தம் மேலே இருக்கும்போதே சிகிச்சைக்குத் திரும்பிவிடுகிறது. சிலவற்றில் காந்தத்துக்கான பதிலையே நிரலில் அணைத்துவைக்கலாம். ஐ.எஸ்.ஓ. 14117 தரநிலை ஒரு மில்லிடெஸ்லா வரை கருவி பாதிக்கப்படலாகாது என்கிறதே தவிர, காந்தம் பட்டதும் எல்லாக் கருவிகளும் ஒரே விதமாக நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்பதில்லை.

நோயாளியின் கையில் அளவுகோலைக் கொடுத்த நிர்வாகம், கருவிகளின் பதிலை ஒருமைப்படுத்தும்படி உற்பத்தியாளர்களை ஏன் நெருக்கவில்லை என்பதற்கு விடை இல்லை. கைப்பேசிக்குள் எவ்வளவு வலிய காந்தம் இருக்கலாம் என்பது குறித்தும் அறிவிப்பில் கட்டளை ஏதுமில்லை. அடையாள அட்டையின்றி நள்ளிரவில் கொண்டுவரப்படும் நோயாளியின் மார்பில் காந்தத்தை வைக்கும் பயிற்சி மருத்துவர், ஓசை வராததைக் கேட்டு, கருவி அணைந்துவிட்டதா, அணையவே இல்லையா, அல்லது ஓசை எழுப்பாத வகையா என்று இன்றும் ஊகித்தே செயற்படுகிறார்.