பால் குறைந்தால் மரத்தைச் சாய்ப்போமா?



விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. பழைய கணினியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை அதில் ஏற்றிக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். பிள்ளைகளின் பாடமும் நடக்கிறது, விளையாட்டும் நடக்கிறது.

ஆனால் அந்த விளையாட்டு மாட்டுவண்டி போல் நகரத் தொடங்கினால், "அப்பா, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்" என்று மகன் வந்து நிற்பான். பல நூறு வெள்ளி! கூட்டுக் காசில் கைவைக்கும் முன் சற்றே பொறுங்கள். பால்மரத்தில் பால் குறைந்தால் மரத்தையா சாய்க்கிறோம்? கத்தி மழுங்கியதா, பட்டை நோயா, மழையா என்று பார்க்கிறோம் அல்லவா? கணினிக்கும் அதே வழிதான். எப்போது மெதுவாகிறது என்று மகனைக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

1. முதலில் நன்றாக ஓடி, கால்மணி நேரம் கழித்துத் தடுமாறுகிறதா? சூட்டைச் சந்தேகியுங்கள். பிராசசர் அளவுமீறிச் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, காற்றாடி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். செலவு ஒரு காசும் இல்லை.

2. தொடக்கம் முதலே மெதுவா? செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தைத் திறந்து, 'கிராபிக்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தால், கிராபிக்ஸ் கார்டு வேலையே செய்யவில்லை, பிராசசர் ஒருவனாகப் படம் வரைந்து திணறுகிறது என்று பொருள். சரியான டிரைவரை ஏற்றினால் போதும்.

என்விடியா ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகள் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லினக்ஸோடு வரும் 'நூவோ' என்ற டிரைவரில் அவை முழு வேகம் எடுப்பதில்லை. என்விடியாவின் சொந்த டிரைவரே அவற்றுக்கு ஏற்றது.

திரையின் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்றும் பாருங்கள். கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தால், வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கக்கூடும்.

3. இடையிடையே திக்கித் திக்கி நிற்கிறதா? 'சிஸ்டம் மானிட்டர்' என்பதில் ரேம் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். நிரம்பினால் கணினி ஹார்டு டிஸ்க்கை நாடும். அது மிக மெதுவானது. திறந்துகிடக்கும் பிரவுசரை மூடுங்கள். புதிய விளையாட்டு முதல் சில நிமிடங்கள் மட்டும் திக்கினால் கவலை வேண்டாம். காட்சிகளுக்கான நிரல்களை அது அப்போதுதான் தயார் செய்கிறது.

4. இவை எல்லாம் சரியா? விளையாட்டின் 'ரெசல்யூஷனை'க் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் கார்டுதான் பலவீனம். கூடாவிட்டால் தடை பெரும்பாலும் பிராசசரில். புதுக் கார்டு வாங்கியும் பயன் இராது.

5. படம் வழுக்கிக்கொண்டு ஓட, எதிராளிகள் மட்டும் இங்கும் அங்கும் தாவுகிறார்களா? அது கணினியின் குற்றமன்று. இணைய இணைப்பின் குற்றம்.

ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைப் பள்ளி நோட்டில் குறித்து வையுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

பெற்றோர்களே, விளையாட்டு என்றதும் பிள்ளையை ஏசாதீர்கள். இந்தச் சோதனைகளை அவனையே, அவளையே செய்யச் சொல்லுங்கள். காரணம் தேடிக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளைக்கு நாளை அதுவே ஒரு கைத்தொழிலாகலாம். அத்தனையும் பார்த்த பின்னும் கார்டுதான் குறை என்று தெரிந்தால், அப்போது வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

அடுத்த இதழில் சந்திப்போம்.