பதினாறு வயசில் கொடுத்த வாக்கு

அமெரிக்காவில் டிசம்பர் மாதம் ஒரு வேடிக்கையான சடங்கு நடக்கும். பள்ளிக்கூட ஜிம்மில் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். நடுவில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். பக்கத்தில் அவன் வீட்டார், எதிரே டி.வி. காமிராக்கள். பையன் ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டதும் ஏதோ ஒரு ஊர் கூத்தாடும். மற்ற ஊர்கள் இழவு வீடு மாதிரி ஆகிவிடும்.

காலேஜ் ஃபுட்பாலுக்கு ஆள் எடுக்கிற வைபவம் இது. (நம்மூரில் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி விழுவார்களே, அது.) நாக்பூரில் உட்கார்ந்து லோன் ஃபைல் பார்க்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் அக்கா பையன் டலஹாசியில், ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவன். அவன் புண்ணியத்தில் எனக்கும் இந்தப் பைத்தியம் கொஞ்சம் தொற்றிக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். டிராவிஸ் ஹன்டர் என்று ஒரு பையன். ஃபுளோரிடாவில் பிறந்து, ஜார்ஜியாவில் பள்ளிப் படிப்பு. பந்தைப் பிடிக்கவும் ஆடுவான், எதிராளி பிடிக்காமல் தடுக்கவும் ஆடுவான். இந்தக் காலத்தில் இரண்டையும் ஒருவரே செய்வது அபூர்வம். 2022-ல் கல்லூரி சேர வேண்டிய பையன்களைத் தரவரிசைப்படுத்தும் தளங்களில் சில, அவனை நாட்டிலேயே முதல் இடத்தில் வைத்திருந்தன. 2020 மார்ச்சில் அவன் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு வருவதாக வாய்வார்த்தை கொடுத்தான். இருபத்தோரு மாதம் அந்த ஊர் ரசிகர்கள் அந்த வார்த்தையை நம்பிக் கோட்டை கட்டினார்கள்.

2021 டிசம்பர் 15, கையெழுத்துப் போடும் நாள். பையன் ஜாக்சன் ஸ்டேட் என்று அறிவித்துவிட்டான்.

ஜாக்சன் ஸ்டேட் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட பழைய பல்கலைக்கழகம். ஃபுட்பாலில் ஒரு அடுக்கு கீழே ஆடுகிற அணி. பெரிய அணிகளுக்கு அப்போது 85 ஸ்காலர்ஷிப் என்றால் அந்த அடுக்குக்கு 63தான். கலெக்டர் ஆபீஸ் வேலை கையில் இருக்கும்போது பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போகிறேன் என்றால் நம் வீட்டில் எப்படி இருக்கும்? அப்படித்தான் டலஹாசியில் இருந்தது. இதில் எரிகிற நெருப்பில் எண்ணெய் வேறு. ஜாக்சன் ஸ்டேட்டின் கோச் டியான் சாண்டர்ஸ், ஃபுளோரிடா ஸ்டேட்டிலேயே ஆடிப் பெரிய ஆளானவர். வீட்டுப் பிள்ளையே வீட்டுக்குள் வந்து தூக்கிக்கொண்டு போனது போல.

அன்றைக்கு நம் நேரம் நடுராத்திரி தாண்டி அக்கா பையன் ஃபோன் செய்தான். "துரோகம் மாமா" என்றான். மறுநாள் அவன் அனுப்பிய இணையப் பக்கங்களைப் பார்த்தபோது, அவன் ரொம்ப மரியாதையாகப் பேசியிருக்கிறான் என்று தெரிந்தது. சோரம் போனவன், விலை போனவன் என்கிற ரகத்தில் வசவுகள். கோடிக்கணக்கில் பணம் வாங்கினான் என்று வதந்தி. சாண்டர்ஸ் அதை மறுத்தார். வசவுகளை எழுதியவர்கள் நாற்பது, ஐம்பது வயசுக்காரர்கள். வாங்கிக்கட்டிக்கொண்டவனுக்கு வயசு பதினெட்டு.

ரசிகர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். இப்படி ஒரு பையன் வருகிறான் என்பதைக் காட்டித்தான் மற்ற பையன்களை இழுப்பார்கள். அவனுக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். கடைசி நாளில் கைவிரித்தால் அந்த இடத்தில் அதே தரத்தில் யாரைத் தேடிப் பிடிப்பது? அதுவும் தொடர்ந்து நாலு வருடம் தோற்றுக்கொண்டிருந்த அணி அது. ரசிகனுக்கு இருந்த ஒரே நல்ல செய்தி இந்தப் பையன். அதுவும் போனால் வயிறு எரியத்தான் செய்யும். வருத்தப்பட முழு உரிமை உண்டு. "துரோகம்" என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு.

பி.காம். படித்தவர்களுக்கு மொஹோரி பீபி வழக்கு ஞாபகம் இருக்கும். மெர்க்கன்டைல் லா பேப்பரில் அது வராத வருடம் கிடையாது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர், தன் சொத்தை ஒரு லேவாதேவிக்காரரிடம் இருபதாயிரம் ரூபாய்க்கு அடமானம் எழுதிக்கொடுத்தார். விவகாரம் பிரிவி கவுன்சில் வரை போய், 1903-ல் தீர்ப்பு வந்தது. மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பணம் கொடுத்தவர் முழிக்க வேண்டியதுதான். இன்றைக்கும் எந்த பாங்கிலும் மைனர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கமாட்டோம்.

ஹன்டர் 2003 மே மாதம் பிறந்தவன். 2020 மார்ச்சில் அவனுக்கு வயசு பதினாறு. அந்த வார்த்தையின்மேல்தான், அப்போது சுமார் எண்பதாயிரம் பேர் உட்காரக்கூடியதாக இருந்த ஸ்டேடியத்தின் எதிர்காலத்தையே கட்டியிருக்கிறார்கள்!

"பதினெட்டு முடிந்த பிறகும் ஏழு மாதம் வருகிறேன் என்றுதானே மாமா இருந்தான்?" என்று அக்கா பையன் மடக்கினான். நல்ல கேள்வி. அதற்குத்தான் கையெழுத்து நாள் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். வாய்வார்த்தை இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. இதைவிட நல்ல பையன் கிடைத்தால் கோச்சும் ஸ்காலர்ஷிப் இல்லை என்று கைகழுவலாம். அப்படிக் கழுவப்பட்ட பையன்கள் ஏராளம். எங்கள் பாஷையில் சொன்னால் அது கொள்கை அளவிலான ஒப்புதல். சாங்ஷன்கூட இல்லை, பணம் பட்டுவாடா ஆவதற்கு இன்னும் எவ்வளவோ தூரம். அதைப் போய் வரவில் எழுதிக்கொண்டது யார் குற்றம்?

சரி, வாக்குத்தான் பெரிது என்றே வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்ப்போமா?

ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு 2013 சீசனில் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த கோச் ஜிம்போ ஃபிஷர். 2017 டிசம்பரில், அந்த சீசனில் ஆட்டம் பாக்கி இருக்கும்போதே, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். பத்து வருட ஒப்பந்தம், ஏழரைக் கோடி டாலர். (அந்த ஏழரை யாரைப் பிடித்தது என்றால், டெக்சாஸ்காரர்களைத்தான். 2023-ல் அவரை வேண்டாம் என்று அனுப்புவதற்கே ஏழரைக் கோடிக்கு மேல் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள்!) அடுத்து வந்த வில்லி டேகர்ட்டை இரண்டாவது சீசன் முடிவதற்குள் பல்கலைக்கழகமே வீட்டுக்கு அனுப்பியது. அதற்கும் அடுத்து 2019 டிசம்பரில் வந்தவர் மைக் நார்வெல். அவரும் மெம்ஃபிஸ் அணியை ஒரு பெரிய ஆட்டத்துக்குத் தகுதி பெற வைத்துவிட்டு, அந்த ஆட்டத்துக்கு முன்பே கிளம்பி வந்தவர்தான்.

ஹன்டர் விலகுவதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பிரையன் கெல்லி என்ற கோச் நோட்ர டாம் அணியை அப்படியே விட்டுவிட்டு எல்.எஸ்.யூ.வுக்குத் தாவினார். பத்து வருடத்துக்கு ஒன்பதரைக் கோடி டாலர். இவர்களெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், வக்கீல் வைத்துக்கொண்டவர்கள். இவர்கள் போனால் அது "கேரியர் முடிவு". பல்கலைக்கழகம் அனுப்பினால் "நிர்வாக முடிவு". பள்ளிக்கூடப் பையன் போனால் மட்டும் துரோகமா?

பையனின் முடிவில் இன்னொரு கணக்கும் இருந்தது. 1960-கள் வரை அமெரிக்கத் தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவையே திறக்கவில்லை. அந்தக் காலத்தில் அவர்களைப் படிக்கவைத்து, ஆடவும் வைத்தவை ஜாக்சன் ஸ்டேட் மாதிரியான இடங்கள்தான். வால்டர் பேட்டன் என்ற மகா ஆட்டக்காரர் 1970-களில் அங்கிருந்து வந்தவர். பிறகு பெரிய இடங்கள் கதவைத் திறந்தன. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் அங்கே போனார்கள். இந்தக் கல்லூரிகள் காலியாயின. அரை நூற்றாண்டு ஒரே திசையில் ஓடிய தண்ணீரில் ஒரு பையன் எதிர்நீச்சல் போட்டான். ஜாக்சன் நகரத்துக்கு அன்றைக்கு அது தீபாவளி.

அந்தத் தீபாவளி ஒரு வருடம்தான். 2022 டிசம்பரில் சாண்டர்ஸ் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். ஹன்டரும் பின்னாலேயே போனான். போன வருடம் டலஹாசியில் கேட்ட அதே ஒப்பாரி இந்த வருடம் ஜாக்சனில். போன வருடம் "பையனுக்குத் தன் வழியைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லையா?" என்று கேட்டவர்களில் சிலர், இந்த வருடம் துரோகம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அது துரோகமா சுதந்திரமா என்பதை, பையன் நம்மை விட்டுப் போகிறானா நம்மிடம் வருகிறானா என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

இப்போது நம் கதைக்கு வாருங்கள். இதைப் படிக்கிற நீங்களும் நானும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய "கை நழுவிப் போன பையன்"தானே? "படிக்கவைத்த ஊருக்கு இவனால் என்ன பிரயோசனம்?" என்று கேட்ட பெரியப்பாக்கள் நம் எல்லாருக்கும் உண்டு. நாம் நாக்பூருக்கும் சூரத்துக்கும் டெல்லிக்கும் வந்தது முன்னேற்றம். நம் பிள்ளை நாம் கை காட்டிய சீட்டை வேண்டாம் என்றால் மட்டும் வீட்டில் இரண்டு நாள் சோறு இறங்காது.

எங்கள் கிளையில் திருச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் புரொபேஷனரி ஆபீசராக வந்து, எட்டே மாதத்தில் வேறு பாங்குக்குப் போய்விட்டான். பயிற்சி கொடுத்த செலவு, பாண்டு, நன்றிகெட்டத்தனம் என்று டீ நேரத்தில் ஒரே பேச்சு. பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபர் கேட்டு வருஷா வருஷம் மனு போடுகிறவர்கள். நிர்வாகம் நம்மை மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூக்கி எறியும்போது நம்மிடம் வாக்கு, நன்றி என்று யாராவது பேசியிருக்கிறார்களா? அந்தப் பையன் நோட்டீஸ் கொடுத்தான், பாண்டுத் தொகையைக் கட்டினான், சாவியை ஒப்படைத்தான். அதற்கு மேல் அவனிடம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

வாக்கு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வாக்கின் மதிப்பைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை அவர்களிடம் கேட்கிறவர்கள் முதலில் தாங்கள் காப்பாற்றிக் காட்ட வேண்டும். பலம் உள்ளவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பலம் இல்லாதவனை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டுவதற்குப் பெயர் விசுவாசம் இல்லை.

கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: ஹன்டர் இல்லாமலேயே ஃபுளோரிடா ஸ்டேட் 2023-ல் தேர்வுக்கு முன்பு ஆடிய 13 ஆட்டத்தையும் ஜெயித்தது. அப்படியும் பட்டத்துக்கான கடைசி நாலு அணிகளில் தேர்வுக் குழு இடம் கொடுக்கவில்லை. அடுத்த வருடமே 12-ல் 2 ஆட்டம்தான் ஜெயித்தது. ஆக, ஒரு பையன் வராததால் எல்லாம் போய்விடவும் இல்லை, அவன் ஒருவன் வந்திருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும் என்றும் இல்லை.

ஹன்டர் 2024-ல் ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். காலேஜ் ஃபுட்பாலில் அதற்கு மேல் தனிநபர் விருது கிடையாது (எனவே இனிமேல் "அவர்"தான் :-)). 2025-ல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது இரண்டாவதாகவே அவரைத் தேர்ந்தெடுத்தது ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ். ஜாக்சன்வில் இருப்பது அதே ஃபுளோரிடாவில், டலஹாசியிலிருந்து சுமார் 260 கிலோமீட்டரில். துரோகம் என்று நடுராத்திரியில் ஃபோன் செய்த என் அக்கா பையன் இப்போது வேலை பார்ப்பதும் அங்கேதான். ஹன்டரின் பெயர் போட்ட ஜெர்சி வாங்கியிருக்கிறானாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த வருடம் வேறு தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். வருத்தமாக இருந்தால் வருத்தப்படுங்கள், தப்பில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், பேசலாம்.