மூடி போட்ட கேணி

யூட்லாண்டில் வீடு வாங்கிய நம்மவர் சிலரின் முற்றங்களில் இப்போது புதிதாக ஒன்று குந்தியிருக்கிறது: வெந்நீர்த் தொட்டி. சாமத்தியவீட்டு மண்டபத்தில் தொடங்கிய போட்டி, கார் வழியாகத் தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை துளையால் தண்ணீர் பீய்ச்சும், எத்தனை நிறத்தில் விளக்கு எரியும் என்று விசாரிக்கிறோம். யார் குளிக்கப்போகிறார்கள் என்று மட்டும் விசாரிப்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 1,500 லீற்றர் தண்ணீரை 10 பாகையிலிருந்து 38 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 49 யூனிட் மின்சாரம் வேண்டும். அது முதற் செலவுதான். மார்கழிக் குளிரில் சூட்டைத் தக்கவைப்பது நாளாந்தச் செலவு. வாங்கத்தான் வேண்டுமென்றால் விளக்கை விடுங்கள், மூடியைத் தூக்கிப் பாருங்கள். இறுக்கமான மூடியும் சுவரின் வெப்பக் காப்பும்தான் தொட்டியின் தரம். விறகுத் தொட்டி மின்சாரம் தின்னாது. ஆனால் மணிக்கணக்கில் அடுப்பெரிக்க வேண்டும், புகை அயல்வீட்டுக்குப் போகும். எதுவாயினும் கிருமிநீக்கம் தவறினால் வெந்நீரில் லெஜியோனெல்லா வளரும்.

இவ்வளவும் பணத்தாலும் கவனத்தாலும் தீரும். தீராதது வேறொன்று.

"அம்மாவின் முழங்காலுக்கு நல்லது" என்பது முதல் நியாயம். எண்பதுகளில் வந்து தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் தேய்ந்த முழங்கால்கள் அவை. வெந்நீர் அவற்றுக்கு இதம்தான். ஆனால் இடுப்பளவு உயரமான தொட்டிச் சுவரை அந்த முழங்கால் எப்படித் தாண்டும்? பனி உறைந்த முற்றத்தில் ஈரக் காலோடு எப்படி இறங்கும்? டென்மார்க்கின் பல நகரங்களில் பொது வெந்நீர்த் தடாகம் இருக்கிறது: 33, 34 பாகை நீர், கைபிடியுள்ள படிகள், கூடவே அதே நோவுள்ள பத்துப் பேர். அம்மாவுக்கு வேண்டியது அது.

இரண்டாவது நியாயம், மறைவு. நீச்சல் மண்டபத்தில் நீரில் இறங்குமுன் உடை களைந்து கழுவ வேண்டும். நம் பெண்களுக்கு அது கூச்சம் என்கிறார்கள். கூச்சம் உண்மையானது. ஆனால் பெண்களின் கழுவறை தனி. சில மண்டபங்களில் திரையிட்ட இடமும் உண்டு. கேட்டால் காட்டுவார்கள். கேட்காமலே மகளை நீச்சலிலிருந்து நிறுத்தித் தொட்டியில் உட்காரவைப்பது மறைவு அல்ல, மறிப்பு. எங்கே நின்றாலும் கடல் ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்குள் இருக்கும் நாடு இது. இங்கே நீந்தத் தெரியாமல் ஒரு பிள்ளை வளரக்கூடாது. தொட்டியில் நீந்த முடியாது.

கீரிமலைக் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடம் வேறு, நீர் பொது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். வருகிறவர் எல்லாரும் அள்ளி வார்க்கலாம். அதே மண்ணில்தான் நல்ல தண்ணீர்க் கிணற்றில் சாதி சொல்லி மனிதரை மறித்தோம் என்பதும் உண்மை. யாரோடு நீரைப் பகிர்வது என்பது நமக்கு என்றைக்கும் அரசியல். அந்த வேலியை இங்கே டெனிஷ் மரப்பலகையில் திரும்பவும் அடைக்கிறோம், மேலே மூடியும் போட்டு.

வாங்குபவர் வாங்கட்டும். ஆனால் அதற்கு முன் அம்மாவையும் மகளையும் நகரத்து நீச்சல் மண்டபத்துக்கு ஒருமுறை கூட்டிப்போகட்டும். அதன் பிறகும் தொட்டிதான் வேண்டுமென்று அவர்கள் சொன்னால், சரி. அவர்களைக் கேட்டுத் தெரிவு செய்த வீட்டை நான் இன்னும் காணவில்லை.