டீசல் காரும் வீட்டுக் கணக்கும்



பங்கு அன்பர் ஒருவர், மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தில் பழைய டீசல் கார் வாங்கலாமா என வினவினார். "எரிபொருள் மிச்சமாகுமே, சுவாமி!" என்றார்.

மிச்சமாவது மெய்யே. காற்றை மிகுதியாக அழுத்தி, அவ்வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் டீசல் எஞ்சின், ஒரு லிட்டரில் கூடுதல் தொலைவு ஓடும். ஆனால், 2014 அக்டோபரில் டீசல் மீதான அரசின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. முன்பிருந்த பெரும் விலை வேறுபாடு இன்று இல்லை.

கணக்கிடுவோம். மாத ஓட்டம் 600 கிலோமீட்டர். பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். டீசல் 92 ரூபாய், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் எனக் கொண்டால், மாத மிச்சம் 1,240 ரூபாய். இன்ஜெக்டர்கள் பழுதுற்றால் ஓராண்டு மிச்சமும் கரைந்துவிடலாம்.

நாள்தோறும் திருநெல்வேலி சென்று மீள்பவர்க்கு இக்கார் ஏற்றது. சங்கரன்கோவில் தெருக்களுக்குள்ளேயே ஓட்டுபவர்க்கு அன்று. வாங்குவோர், நம்பகமான மெக்கானிக்கை உடன்வைத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இயக்கிப் புகையை நோக்குக. பதிவுச் சான்றின் காலத்தையும் காண்க. வாங்கியபின் ஆயிலையும் டீசல் ஃபில்டரையும் உரிய காலத்தில் மாற்றுக. ஃபில்டரில் தேங்கும் நீரை வடித்துவிடுக.

அன்பரோ, தம் ஓட்டம் மாதம் 300 கிலோமீட்டரைத் தாண்டாதெனக் கணக்கிட்டு அறிந்தார். மகளின் பணம் வங்கியிலேயே இருக்கிறது.