"பயப்படாதே" என்றால் சர்வ் திருந்தாது



உங்களில் பலர் பிள்ளைகளை டென்னிஸ் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள். மகிழ்ச்சி. மாலை நடைக்குப் போகும்போது மைதான வேலியோரம் நின்று நானும் பார்ப்பதுண்டு. பிள்ளை போடும் சர்வ் வலையில் விழுந்ததும் வெளியிலிருந்து வரும் குரல் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயப்படாதே! கவனமாப் போடு!"

இது திருத்தமே அல்ல என்பது என் கருத்து. கணக்கைத் தப்பாகப் போட்ட பையனிடம் "கவனமாப் போடு" என்றால், அடுத்த முறை அதே தப்பைக் கவனமாகப் போடுவான். எந்த வரியில் தவறினான் என்று காட்ட வேண்டும். சர்வும் அப்படித்தான்.

பெலாரஸ் வீராங்கனை அரினா சபலென்காவைப் பாருங்கள். 2022 என்ற ஒரே ஆண்டில் 400-க்கும் மேற்பட்ட டபுள் ஃபால்ட். ஆட்டத்தின் நடுவே கீழ்க்கையால் சர்வ் போடும் நிலைக்குக்கூட வந்தார். பிறகு உடல் அசைவுகளை ஆராயும் நிபுணர் ஒருவரை வைத்துக்கொண்டு, கை எப்படிச் சுழல்கிறது என்பதிலிருந்து திருத்தத் தொடங்கினார். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டம் அவர் கையில். கை ஒழுங்கானதும் மனசும் நிலைத்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே, திட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, பிடி. தோசைத் திருப்பியைப் பிடிப்பது போல் மட்டையைத் தட்டையாகப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது. சுத்தியலைப் பிடிப்பது போல் பிடிக்க வேண்டும்.

இரண்டு, பந்தைத் தூக்கிப் போடுவது. தலைக்குப் பின்னால் போனால் அடி நீண்டு கோட்டைத் தாண்டும். தாழ்ந்தால் வலையில் சிக்கும். சரியாகப் போகவில்லையா? அடிக்காமல் பிடித்துக்கொண்டு மறுபடி போடலாம், விதியே அனுமதிக்கிறது. இது பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வீட்டிலும் பழகலாம்: முன்காலுக்குச் சற்று முன்னால் தரையில் மட்டையை வைத்து, தூக்கிப் போட்ட பந்து அதன்மேல் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத பயிற்சி.

மூன்று, இரண்டாவது சர்வ். முதல் சர்வ் தவறியதும் பிள்ளைகள் கையின் வேகத்தைக் குறைத்துப் பந்தைத் தள்ளிவிடுகிறார்கள். அங்கேதான் டபுள் ஃபால்ட் பிறக்கிறது. நடுவில் வலை 3 அடி உயரம். அதைத் தாண்டிய பந்து 21 அடிக்குள் இறங்க வேண்டும். பந்து முன்னோக்கிச் சுழன்றால்தான் சட்டென்று இறங்கும். கை வேகமாக வீசினால்தான் அந்தச் சுழற்சி கிடைக்கும். எனவே இரண்டாவது சர்வில் வேகத்தைக் குறைக்காமல், வலைக்கு மேலே உயரமாகக் குறிவைத்துச் சுழற்றி அடிக்கப் பழக்குங்கள்.

இன்னொன்று. தோள் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு சர்வ் பயிற்சியை நிறுத்துங்கள். வளரும் தோள் அது.

"நீ பயந்தாங்கொள்ளி" என்று ஒரு பிள்ளையிடம் பத்து முறை சொன்னால் அது நம்பிவிடும், ஒருநாள் மட்டையையும் மூலையில் வைத்துவிடும். "பந்து பின்னால போகுதும்மா" என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்கே திருத்திக்கொள்ள அதற்கு ஒரு வேலை கிடைக்கும். டென்னிஸுக்கு மட்டுமா இது? பரீட்சைப் பேப்பரைக் கையில் வாங்கும்போதும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டு அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்