காய்ந்த ஆறா பாலாறு? மணலுக்குக் கீழே கொஞ்சம் பாருங்கள்!

ஓரிக்கையில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான். "ஆறு காய்ஞ்சு கிடக்குது!"

மேலேதான் காய்ச்சல். அடியில் மணலுக்குள்ளே தண்ணீர் நகர்ந்து கொண்டுதான் இருக்கிறது. காஞ்சிபுரத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் கொடுப்பதில் ஓரிக்கை ஆற்று மணலில் இறக்கிய கிணறுகளுக்கும் பங்கு உண்டு. பழைய விவசாயிகள் ஆற்றுக்குள்ளேயே ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டு போனார்கள். சும்மாவா?

2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் மணல் குடிக்கிறது. கரையோரக் கிணறுகளுக்கும் ஊறுகிறது. வெள்ளம் வடிந்தபின் அதே தண்ணீர் கரையிலிருந்து ஆற்றுக்குத் திரும்பிக் கசியும். ஆறு வேறு, கிணறு வேறு என்பது பட்டாவில்தான்!

ஈர ஆற்று மணலில் சுமார் கால் பங்கு தண்ணீர். நாலு லாரி மணல் போனால் ஒரு லாரி தண்ணீர் தங்கும் இடமும் போச்சு. அதுவும் வெயில் தொடாத இடம்! ஆற்றைப் பள்ளமாக்கினால் கிணற்றுத் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்கு வடிந்துவிடும். அப்புறம் "போரை இன்னும் நூறு அடி இறக்கு" என்பார்கள். கடன் வாங்கி இறக்குவது யார்? தறிக்காரர்! பழையசீவரத்தில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தேக்கிய தண்ணீர் இறங்கித் தங்க மணல் வேண்டாமா?

வேகவதி சங்கதி இன்னும் மோசம். ஊருக்குள் ஓடும் அந்த ஆற்றில் சாக்கடை கலப்பது ஊரறிந்தது. போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, நிலத்தடி மட்டம் ஆற்றுக்கும் கீழே போய்விடும். அப்போது ஆற்றில் இருப்பதெல்லாம் கிணற்றைப் பார்த்து இறங்கும். மண் அழுக்கைக் கொஞ்சம் வடிகட்டும். உப்பையும் சாயத்து ரசாயனத்தையும் முழுசாக வடிகட்டாது.

நம்பாதவர்கள் இதே பாலாற்றின் மேல்பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர் போய்க் கேளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்டு, 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது!

இங்கேயும் கோர்ட் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? வேகவதிக் கரையிலும் ஓரிக்கைப் பக்கமும் வீட்டுக் கிணறுகளை மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை மாநகராட்சி சோதிக்கட்டும். மட்டம் எத்தனை அடி, உப்பு எவ்வளவு என்று வார்டுக்கு வார்டு போர்டில் எழுதிப் போடட்டும். சாக்பீஸ் கூடவா வாங்க முடியாது?